செவிலியும் செவிலிக் கோலமும்: பாலூட்டும் தாய்க்கு அறிவுரைத்தோர் வரலாறு

முன்னுரை

குழவிக்குப் பாலூட்டல் இயற்கை என்பர். இயற்கையே ஆயினும் அது கல்லாமல் வருவதன்று. உறிஞ்சும் ஆற்றல் குழவிக்குப் பிறப்பொடு வருகின்றது. பால் சுரத்தலும் தாய்க்குத் தானே நிகழ்கின்றது. ஆயினும் குழவியை எவ்வாறு அணைத்துக்கொள்வது, பால் கட்டிக்கொண்டால் யாது செய்வது, பால் போதவில்லையோ என்னும் ஐயம் எழுந்தால் யாரை வினவுவது என்பன அருகிருந்து அறிந்தோர் சொல்லக் கேட்டுத் தெளிய வேண்டியவை. ஆதலின் பாலூட்டலின் வரலாறு தாயும் சேயுமாகிய இருவரின் வரலாறு மட்டும் அன்று; தாயின் அருகே நின்று உரைத்த மூன்றாமவரின் வரலாறும் ஆகும்.

அம் மூன்றாமவர் யார், அவர் சொல்லைத் தாய் நம்பியது ஏன், அந் நம்பிக்கை வணிகர் கைப்பட்டது எங்ஙனம், பின்னர் அதனைக் காக்க உலக நாடுகள் வகுத்த நெறி யாது என்பவற்றை ஆராய்தல் இக் கட்டுரையின் நோக்கம். 1939 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு இவ் ஆராய்ச்சிக்கு நடுவிடமாக அமைகின்றது. அதனை உள்ளவாறு உணர்தற்குத் தமிழில் உள்ள செவிலி என்னும் சொல்லும் அதனொடு ஒத்த பொருளுடைய பிறமொழிச் சொற்களும் துணைசெய்யும். ஆதலின் சொல்லாராய்ச்சியை முதற்கண் வைத்து, வரலாற்றை அதன்பின் கூறுவோம்.

செவிலி என்னும் சொல்

தமிழ் அகப்பொருள் மரபில் நற்றாய் வேறு, செவிலி வேறு. நற்றாய் ஈன்றவள், செவிலி வளர்த்தவள். தாய் எனச் சிறப்பித்துச் சொல்லப்படுபவள் செவிலியே என்பது தொல்காப்பியர் களவியலில் கூறும் முடிபு. அதற்கு அவர் காட்டும் ஏது நம் கருத்திற்கு உரியது. மறைவாகப் பேசத்தக்க அரிய செய்திகளை எடுத்துரைக்கும் தகுதி அவளுக்கு உண்டு என்பதே அவ் ஏது. குருதித் தொடர்பு பற்றியன்று, உரைக்கும் தகுதி பற்றியே செவிலி தாய் எனப்பட்டாள் என்க.

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் செவிலி கூற்றுப் பத்து என்றொரு பகுதி உண்டு. மணந்து சென்ற மகளின் மனைக்குச் செவிலி செல்கின்றாள். கணவனும் மனைவியும் புதல்வனும் ஒருங்கு வாழும் நிலையைக் கண்ணாரக் காண்கின்றாள். மீண்டு வந்து நற்றாய்க்கு உரைக்கின்றாள். இளந்தாயின் மனைக்கே சென்று காண்பது செவிலியின் செயலாகக் கருதப்பட்டமை இதனால் விளங்கும். இக் காலத்தில் ஊர்ப்புறச் செவிலியர் வீடுதோறும் சென்று தாயையும் சேயையும் பார்த்து வருதல் அதனொடு ஒப்புநோக்கத் தக்கது.

மேலும், ஊட்டுவாள், ஆட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய் எனத் தாயரை ஐவராக எண்ணும் மரபும் தமிழில் உண்டு. குழவி வளர்ப்பு ஒருத்தியால் மட்டும் சுமக்கப்படும் தொழில் அன்று என்னும் உணர்வு இவ் எண்ணுமுறையில் பொதிந்துள்ளது. ஆனால் இதனைக் கொண்டு பண்டைத் தமிழகத்துத் தாயர் யாவரும் இத்தகைய துணை பெற்றனர் எனக் கூறுதல் பொருந்தாது. ஐவகைத் தாயர் செல்வர் மனைக்கு உரியோர். பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறநானூற்று 164 ஆம் பாட்டில், பசியால் பால் வற்றிய மனைவியையும், பயனின்றிச் சுவைத்து அழும் குழவியையும் கண்டு புலவர் வருந்துகின்றார். அம் மனையில் வேண்டப்பட்டது அறிவுரை அன்று, உணவு. தாய்க்கு உரைப்போர் வரலாற்றைக் கூறுங்கால் தாய்க்கு உண்டி கொடுப்போர் வரலாற்றையும் மறத்தல் ஆகாது என்பதற்கு இப் பாட்டே சான்று.

இனி, நர்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லை நோக்குவோம். ஊட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. தொடக்கத்தில் பிறர் குழவிக்குப் பாலூட்டும் பெண்ணையே குறித்துப் பின்னரே பிணியாளரைப் பேணுவோரைக் குறிப்பதாயிற்று. தமிழகத்தில் இன்று அத் தொழிலோர் செவிலியர் எனப்படுகின்றனர். ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தாதியர் என்னும் சொல் வழங்குகின்றது. குழவியைப் பேணியவளின் பெயர் மருத்துவமனைப் பணியாளரின் பெயரானபொழுது, பழைய உறவில் இருந்த நம்பிக்கையும் புதிய சீருடையின்மேல் ஏறிற்று. அந் நம்பிக்கையே பின்னர்ச் சிங்கப்பூரில் விலைக்கு வந்தது.

மரபுரையும் மருத்துவர் கடிகாரமும்

மரபு வழியாக வந்த அறிவுரை அனைத்தும் நலம் தந்தது எனக் கொள்ளுதலும் பிழையாம். பிறந்த குழவிக்கு முதலில் சேனை வைத்தல் தமிழர் வழக்கங்களுள் ஒன்று. சருக்கரை நீரையோ தேனையோ நாவில் தொட்டு வைப்பர். முதலில் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் எனக் கருதிப் பீய்ச்சிக் களைதலும் பல நாட்டு மக்களிடத்து இருந்தது. சீம்பால் நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்தது என்பதும், குழவிக்கு அதுவே முதல் உணவாதல் வேண்டும் என்பதும் இன்று ஐயமின்றித் தெளிந்த உண்மைகள். ஆதலின் அருகிருந்த செவிலி அன்புடையவளே ஆயினும் சிற்சில இடங்களில் பிழைபட உரைத்தாள் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அப் பிழையைத் திருத்த வந்த மருத்துவர் வேறொரு பிழை செய்தனர். 1748 ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கேடகன் குழவி வளர்ப்புப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஈன்ற தாயே பாலூட்டுக என்று அவர் கூறியது நன்று. ஆனால் குழவி வளர்ப்பைப் பெண்டிர் கையிலிருந்து எடுத்துக் கற்றறிந்த ஆடவரின் மேற்பார்வையில் வைத்தல் வேண்டும் என்பது அவர்தம் அடிப்படைக் கருத்து. நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்னும் மருத்துவர் 1907 இல் பிளங்கெட் கழகத்தை நிறுவினார். அவரும் தாய்ப்பாலையே போற்றினார். எனினும் நான்கு மணிக்கு ஒரு முறை ஊட்டுக, இரவில் ஊட்டற்க என விதித்தார். அவர் கொள்கை ஆங்கிலம் வழங்கும் நாடுகள் பலவற்றில் பரவிற்று.

இவ் விதி தாயர்க்கு இடர் விளைத்தமைக்குக் காரணம் உண்டு. குழவி உறிஞ்சுந்தோறும் பால் சுரக்கும். உறிஞ்சுதல் குறையின் சுரத்தலும் குறையும். கடிகாரத்தை நோக்கிக் குழவியைக் காக்கவைத்த தாய்க்குப் பால் நாளடைவில் குன்றிற்று. குன்றியதைக் கண்டு அவள் தன் உடலையே குறைகூறினாள். விதி பிழையுடையது என எண்ண அவளுக்கு இடம் இல்லை. ஏனெனில் விதித்தவர் கற்றவர்.

தமிழில் அச்சான மருத்துவ அறிவையும் ஈண்டு நினைத்தல் தகும். 1847 இல் ஈழத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். மான்செல் என்பாரின் மகப்பேற்று நூல் 1857 இல் தமிழாக்கம் பெற்று வெளிவந்தது. தாய்மொழியில் மருத்துவம் கற்பிக்கலாம் என்பதற்கு அம் முயற்சி அழியாச் சான்று. ஆயினும் அந் நூல்களைப் பயின்றோர் அவரிடம் மருத்துவம் கற்ற ஆடவரே. அறிவு தாய்மொழிக்கு வந்தது. தாயின் கைக்கு வந்திலது.

தகரத்தில் அடைத்த பால்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் பாலைக் கெடாமல் வைக்கும் முறைகள் தோன்றின. அமெரிக்க நாட்டில் கெயில் போர்டன் 1856 இல் பாலைச் சுண்டச்செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுவிட்சர்லாந்து நாட்டு வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்பார் 1867 இல் பாலும் மாவும் கலந்த குழவியுணவை விற்கத் தொடங்கினார். தாயை இழந்த குழவிக்கும், தாய்ப்பால் பெற இயலாத குழவிக்கும் இத்தகைய உணவு தேவை என்பதை எவரும் மறுக்க இயலாது. தேவை சிறிது, விற்போர் விரும்பிய சந்தையோ பெரிது. இவ் இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே பின்வந்த துன்பங்கள் யாவும் விளைந்தன.

இனிப்பிட்ட சுண்டிய பால் கெடாமல் நெடுநாள் இருந்ததற்கு அதில் இட்ட சருக்கரையே காரணம். கொழுப்பு நீக்கிய பாலால் செய்த வகையில் உயிர்ச்சத்து ஏ, டி இரண்டும் இல்லாமற் போயின. முன்னதன் குறைவால் கண்ணொளி கெடும். பின்னதன் குறைவால் எலும்பு வளையும். தூய நீரும் விறகும் அருகிய மனையில் புட்டியைத் தூய்மை செய்தல் அரிது. விலை மிகுதியாகலின் ஒரு தகரப் பாலை நீர் பெருக்கிப் பல நாள் ஊட்டிய தாயர் பலர். வயிற்றுப்போக்கும் மெலிவும் தொடர்ந்தன.

விலையின்றிக் கொடுக்கப்பட்ட முதற் பொட்டலத்தின் இயல்பையும் உணர்தல் வேண்டும். மகப்பேற்றிற்குப் பிந்திய சில நாள்கள் தாயின் பால் சுரப்பு நிலைபெறும் காலம். அந் நாள்களில் புட்டிப்பால் புகின் குழவி தாயிடம் உறிஞ்சுதல் குறையும், சுரப்பு நில்லாது. பொட்டலம் தீரும்பொழுது தாய்ப்பாலும் தீர்ந்திருக்கும். அதன்பின் தாய் விலைகொடுத்து வாங்குவாள். வாங்காதிருக்க அவளுக்கு வழி இல்லை. கொடையாகத் தோன்றியது உண்மையில் வணிகம்.

சிங்கப்பூர், 1939

செசிலி வில்லியம்ஸ் 1893 இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்று மருத்துவரானவர். 1929 முதல் ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில், அஃதாவது இன்றைய கானாவில், பணியாற்றினார். அங்கே குழவிகளைத் தாக்கிய நோய் ஒன்றை 1933 இல் ஆய்ந்து எழுதினார். 1935 இல் அந் நோய்க்கு அந் நாட்டுக் கா மொழியிலிருந்தே குவாஷியோர்கர் என்னும் பெயரை எடுத்து வழங்கினார். அடுத்த குழவி பிறத்தலால் தாய்ப்பால் இழந்த மூத்த குழவிக்கு வரும் நோய் என்பது அப் பெயர் குறிக்கும் பொருள். நோயின் பெயரிலேயே நோயின் காரணத்தை அந் நாட்டுப் பெண்டிர் முன்னரே அறிந்து வைத்திருந்தனர். அவர்களிடம் வினவி, அவர்கள் சொல்லை மதித்து, அதனை மருத்துவ உலகிற்கு உரைத்தமை வில்லியம்ஸின் சிறப்பு.

1936 இல் அவர் மலாயாவிற்கு மாற்றப்பட்டார். அக் காலத்துச் சிங்கப்பூர் சீனரும் மலாயரும் தமிழரும் நெருங்கி வாழ்ந்த துறைமுக நகர். குடியேறி வந்த பெண்டிர் பலர்க்கு ஈன்ற தாயும் உடன்பிறந்தாரும் கடலுக்கு அப்பால் இருந்தனர். செவிலியின் இடம் வெறிதாயிருந்தது என்பது மிகையாகாது. அவ் வெற்றிடத்திற்கு வெண்ணிறச் சீருடை அணிந்த பெண்கள் வந்தனர். அவர்கள் பால் நிறுவனங்களின் பணியாளர். செவிலியர்போல் உடுத்து, வீடு வீடாய்ச் சென்று, இனிப்பிட்ட சுண்டிய பாலைத் தாயர்க்குப் பரிந்துரைத்தனர். செவிலியின் செயலாகிய மனைக்கு வந்து காணுதல், குழவியை எடுத்துப் பார்த்தல், அன்பொடு பேசுதல் எல்லாம் அங்கே நிகழ்ந்தன. ஒன்று மட்டும் வேறு. உரைத்தவளின் ஊதியம் தாய் வாங்கும் தகரத்திலிருந்து வந்தது.

இதன் விளைவுகளை மருத்துவமனையில் நாள்தோறும் கண்ட வில்லியம்ஸ், 1939 இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் உரையாற்றினார். பாலும் கொலையும் என்பது அவர் இட்ட தலைப்பு. குழவியுணவு பற்றிப் பொய்ப் பரப்புரை செய்தலைப் பெருங்குற்றமாகக் கொண்டு ஒறுத்தல் வேண்டும் என்றும், அதனால் நிகழும் சாவுகளைக் கொலை எனவே கருதல் வேண்டும் என்றும் அவர் வணிகப் பெருமக்கள் நிறைந்த அவையில் கூறினார். கடுஞ்சொல் எனினும் அது சினத்தால் மட்டும் பிறந்தது அன்று. இறப்பிற்குக் காரணம் வறுமையே எனவும் அறியாமையே எனவும் கூறி அமைதல் எளிது. அறியாமை தானே இருந்ததன்று, ஊதியம் பெற்றோரால் உண்டாக்கப்பட்டது என அவர் காட்டினார். அவ் வேறுபாடே அவ் உரையின் உயிர்.

1942 இல் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. வில்லியம்ஸ் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைவாழ்வில் அங்கே குழவிகள் இருபதின்மர் பிறந்தனர் எனவும், இருபதின்மரும் தாய்ப்பால் உண்டனர் எனவும், இருபதின்மரும் பிழைத்தனர் எனவும் அவர் பின்னர்க் குறித்துள்ளார். உணவு குன்றிய அச் சிறையில் தகரப் பால் இல்லை. அதனைப் பரிந்துரைப்போரும் இல்லை. அறிந்த மருத்துவர் ஒருவர் அருகிருந்தார். 1948 இல் உலகச் சுகாதார நிறுவனம் தோன்றியபொழுது தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். 1992 இல் மறைந்தார்.

அக் காலத்து மலாயத் தோட்டங்களின் நிலையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. இரப்பர்ப் பால் வெட்டும் பெண்கள் விடியுமுன் வேலைக்காட்டிற்குச் சென்றனர். குழவிகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டன. ஈழத்து மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அதுவே பிள்ளைக் காம்பரா எனப்பட்டது. அறிவுரை எத்துணை நல்லதாயினும் தாயும் குழவியும் வேலைப்பொழுதில் பிரிந்திருப்பின் அது பயன் தராது. 1919 இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த மகப்பேற்று உடன்படிக்கை, வேலைநேரத்தில் நாளொன்றுக்கு இருமுறை அரைமணி நேரம் பாலூட்ட இடைவேளை தருதல் வேண்டும் என்றது. இந்தியாவில் 1961 ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், குழவிக்குப் பதினைந்து திங்கள் நிரம்பும் வரை நாள்தோறும் இரு இடைவேளை தருதல் வேண்டும் என விதித்தது.

தாயரே செவிலியர் ஆதல்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க நாட்டில் மகப்பேறு பெரும்பாலும் மருத்துவமனைக்குள் நிகழ்வதாயிற்று. குழவி ஓர் அறையிலும் தாய் ஓர் அறையிலும் வைக்கப்பட்டனர். பாலூட்டிய பாட்டியும் அத்தையும் தொலைவில் இருந்தனர். புட்டியே பெருவழக்காயிற்று. இந்நிலையில் 1956 இல் இலினாய் மாநிலத்துப் பிராங்க்ளின் பார்க் என்னும் ஊரில் பெண்டிர் எழுவர் கூடி, பாலூட்ட விழையும் தாயர்க்குப் பாலூட்டிய தாயரே துணைசெய்யும் குழு ஒன்றைத் தொடங்கினர். லா லெச்சே லீக் என்பது அதன் பெயர்.

பெயரின் வரலாறு சொல்லாராய்ச்சியாளர்க்குச் சுவையானது. லெச்சே என்பது பால் என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல். புளோரிடாவில் உள்ள மரியன்னை கோயில் ஒன்றின் பெயரிலிருந்து அதனை எடுத்தனர். மார்பகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் செய்தித்தாள்கள் அச்சிடத் தயங்கின. ஆதலின் பிறமொழிச் சொல் வேண்டியதாயிற்று. முலை என்னும் சொல்லைச் சங்கப் புலவரும் பத்திமைப் பாவலரும் நாணமின்றி ஆண்டனர். இக் காலத் தமிழில் அச் சொல் அவையில் வழங்காச் சொல்லாயிற்று. பெயர் சொல்லவே கூசும் உறுப்பைப் பற்றி ஐயம் வினவுதல் எங்ஙனம்? புண்ணும் கட்டியும் உற்ற இளந்தாய் வாய்திறவாமல் துன்புறுதற்குச் சொல்லின் வீழ்ச்சியும் ஒரு காரணம் எனக் கருதலாம். செவிலிக்குத் தொல்காப்பியர் கொடுத்த உரிமை இத்தகைய மறைபொருளை உரைக்கும் உரிமையே அன்றோ?

இத்தகைய குழுக்கள் பிற நாடுகளிலும் எழுந்தன. ஆஸ்திரேலியாவில் 1964 இலும் நார்வேயில் 1968 இலும் பாலூட்டும் தாயர் சங்கங்கள் அமைந்தன. 1973 இல் மானிடவியலார் டேனா ராபேல் தாம் எழுதிய நூலில், பாலூட்டும் தாயைத் தாயாய் இருந்து பேணும் ஒருவர் வேண்டும் என்று கூறி, அவரைக் குறிக்கக் கிரேக்க மொழியிலிருந்து டூலா என்னும் சொல்லை எடுத்தார். பணிப்பெண் என்பது அதன் பழம்பொருள். ஆங்கிலத்தில் அப் பொருளுக்குச் சொல் இல்லாமற் போனமையால் கடன் பெற நேர்ந்தது; ஊட்டுபவள் என்னும் தொல்பொருள் கொண்ட நர்ஸ் என்னும் சொல் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டமையே அதற்குக் காரணம்.

துணை என்பது மனத்திற்கு ஆறுதல் மட்டும் எனக் கருதற்க. 1948 இல் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் ஆகிய இருவரும் செய்த ஆய்வில், தாய்க்கு உடல் வேதனையும் மனச்சிதறலும் உண்டாக்கியபொழுது குழவி பெற்ற பாலின் அளவு குறைந்தது. பாலை வெளிப்படுத்தும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பைச் செலுத்தியபொழுது அக் குறை பெரிதும் நீங்கிற்று. அச்சமும் கலக்கமும் பால் இறங்குதலைத் தடுக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. அஞ்சற்க என்று சொல்லும் ஒருவர் அருகில் இருத்தல் உடலியல் சார்ந்த தேவையும் ஆகும்.

உரைக்கும் உரிமைக்கு ஓர் எல்லை

வில்லியம்ஸின் சொற்பொழிவுக்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1974 இல் இங்கிலாந்து நாட்டு வார் ஆன் வான்ட் என்னும் அமைப்பு, ஏழை நாடுகளில் குழவிப்பால் விற்பனை நடைபெறும் முறையைப் பற்றி மைக் முல்லர் எழுதிய சிறுநூலை வெளியிட்டது. சீருடை அணிந்த விற்பனைப் பெண்டிர் அங்கும் இடம்பெற்றனர். சுவிட்சர்லாந்தில் அந் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்த குழுவினர், நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்னும் பொருள்படத் தலைப்பிட்டனர்; நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1976 இல் பெர்ன் நகர நீதிமன்றம் தலைப்பு அவதூறு எனக் கண்டு குழுவினர்க்குச் சிறு தண்டம் விதித்தது. எனினும் நிறுவனம் தன் விளம்பர முறையை மறு ஆய்வு செய்தல் வேண்டும் என நீதிபதி அறிவுறுத்தினார். 1977 இல் அமெரிக்க நாட்டில் அந் நிறுவனப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1979 அக்டோபரில் ஜெனிவாவில் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப் அமைப்பும் கூட்டிய அவையில் அரசினரும் வணிகரும் மக்கள் அமைப்பினரும் ஒருங்கு அமர்ந்தனர்.

இவற்றின் பயனாக, 1981 மே 21 அன்று உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாகும் பொருள்களின் விற்பனை பற்றிய அனைத்துலக நெறித்தொகையை ஏற்றது. சார்பாக 118 நாடுகளும் எதிராக அமெரிக்க ஐக்கிய நாடு ஒன்றும் வாக்களித்தன. மூன்று நாடுகள் நடுநின்றன.

இந் நெறித்தொகையைப் பலர் விளம்பரத் தடை எனச் சுருக்கிக் கூறுவர். அதனை ஊன்றிக் கற்பார்க்கு அதன் உள்ளீடு வேறு எனத் தோன்றும். குழவியுணவு பற்றிய நடுநிலையான, முரண்படாத செய்திகள் தாயர்க்குக் கிடைக்கச் செய்தல் அரசின் கடமை என்பது அதில் ஒரு விதி. விற்பனைப் பணியாளர் கருவுற்ற பெண்டிரையோ பாலூட்டும் தாயரையோ நேரிலும் பிறர் வாயிலாகவும் அணுகுதல் கூடாது என்பது மற்றொரு விதி. அவர்கள் தம் பணியின் பகுதியாகத் தாயர்க்குக் கல்வி புகட்டுதல் கூடாது என்பது பிறிதொரு விதி. இவை மூன்றும் யார் உரைக்கலாம், யார் உரைத்தல் ஆகாது என்பதை வரையறுக்கின்றன. வில்லியம்ஸ் சிங்கப்பூரில் கண்ட செவிலிக் கோலத்தைக் களைதற்கே அவை எழுந்தன எனல் பொருந்தும். பாலை விற்றல் தடுக்கப்படவில்லை. விற்பவன் செவிலியாய் வருதல் தடுக்கப்பட்டது.

1990 ஆகஸ்டு முதல் நாள் இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் இன்னொசென்டி அறிக்கை ஏற்கப்பட்டது. அவ் அவை கூடிய மனை 1445 இல் திறக்கப்பட்ட கைவிடப்பட்ட குழவிகளின் இல்லம். கூலி பெற்றுப் பாலூட்டிய ஏழைப் பெண்டிர் அங்கிருந்த குழவிகளை வளர்த்தனர். பிறர் குழவிக்குப் பாலூட்டித் தம் குழவிக்குக் குறைவைத்த தாயரையும் வரலாறு அறியும். பழமை முழுவதும் பொற்காலம் அன்று என்பதை அம் மனையே நினைவூட்டும். 1991 இல் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் தொடங்கிற்று. அதன் பத்துப் படிகளுள் இறுதிப் படி, மருத்துவமனையினின்று நீங்கும் தாய்க்குத் துணைக்குழுவைக் காட்டிவிடுதல். அதே ஆண்டு உலகத் தாய்ப்பால் இயக்கக் கூட்டமைப்புத் தோன்றிற்று. அதன் செயலகம் அமைந்த இடம் பினாங்கு. சீருடை வணிகம் கடியப்பட்ட மலாய் நிலத்திலிருந்தே, 1992 முதல் ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரமாக உலகெங்கும் கொண்டாடப்பட வழிவகுக்கப்பட்டது.

இந்தியாவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் குழவிப்பால் மாற்றுப் பொருள், பால் புட்டி, குழவியுணவு ஆகியவற்றின் விளம்பரத்தையும் விலையில்லாப் பொட்டலத்தையும் தடுத்தது. 2003 இல் திருத்தம் பெற்று மேலும் உறுதியாயிற்று. முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டுமே ஊட்டல் வேண்டும் என்பது 2001 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தமிழகத்தில் 2015 இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாயர்க்கெனத் தனியறைகள் திறக்கப்பட்டன. 2017 இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. வயலிலும் செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் நாட்கூலி பெறும் தாயர்க்கு இவ் விடுப்பு எட்டாமையும் உடன் நினைக்கத் தக்கது. சாத்தனார் பாட்டின் மனை இன்னும் மறைந்துவிடவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. பாலூட்டும் தாய்க்கு அறிவுரை எக் காலத்தும் குறைவில்லாமல் கிடைத்துவந்தது. குறைந்தது நம்பத்தக்க அறிவுரை. மரபு அன்பொடு உரைத்தது, சில இடங்களில் பிழைத்தது. மருத்துவம் ஆராய்ந்து உரைத்தது, தாயின் அனுபவத்தைக் கேளாமையால் பிழைத்தது. வணிகம் அன்பின் கோலத்தையும் மருத்துவத்தின் உடையையும் ஒருங்கே பூண்டு உரைத்தது. அதன் பிழை அறியாமையால் நேர்ந்தது அன்று. மரபின் பிழையையும் மருத்துவத்தின் பிழையையும் அறிவு திருத்தும். வணிகத்தின் பிழையைத் திருத்தச் சட்டம் வேண்டியதாயிற்று.

உரைப்பவர் தகுதியை அளக்க மூன்று வினாக்கள் இவ் வரலாற்றிலிருந்து கிடைக்கின்றன. அவர் உரைப்பது ஆராய்ந்து கண்ட உண்மையா? தாய் அவர் சொற்கேட்பதால் அவருக்கு ஊதியம் உண்டா? தாய் மீண்டும் வினவும்பொழுது அவர் அருகில் இருப்பாரா? மூன்றிற்கும் தக்க விடை தருபவரே செவிலி. சீருடையும் பட்டமும் உறவுமுறையும் இவ் வினாக்களுக்கு விடையாகமாட்டா.

தமிழ்த் துறையினர்க்கும் இதில் கடமை உண்டு. பாலூட்டல் பற்றி நம் பாட்டியரிடம் வழங்கும் சொற்களும் பழமொழிகளும் கைமுறைகளும் ஊர்தோறும் தொகுக்கப்படல் வேண்டும். அவற்றுள் நலம் தருவன எவை, தீங்கு தருவன எவை என மருத்துவரொடு அமர்ந்து ஆராய்தல் வேண்டும். தாயர்க்கென வெளியிடப்படும் செய்திகள், எழுத்தறிவு குறைந்தோரும் செவியாற் கேட்டுணரும் தமிழில் அமைதல் வேண்டும். வில்லியம்ஸ் கா மொழிப் பெண்டிரின் சொல்லில் ஒரு நோயின் காரணத்தைக் கண்டார். நம் பெண்டிரின் சொற்களில் பொதிந்துள்ளவை இன்னும் தொகுக்கப்படாமலே இருக்கின்றன. அச் சொற்களை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஆதலின் இப் பணி தாழ்க்கத் தக்கதன்று.